குதிரைக் காலடி மண்

ஒவ்வொரு குதிரையும் இரண்டு பாதியாகத்தான் வரும். இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் அவரைக்காய் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் பிய்த்தால் கணுக்கால் முறிந்துவிடும். பரணி சின்னக் கட்டரால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பான். அச்சில் வார்த்தபோது விழுந்த மெல்லிய கோடு குதிரையின் முதுகிலும் வயிற்றிலும் ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டுவான். பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் கழுவுவான். அச்சு எண்ணெய் போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. அதன் பிறகுதான் பசை. இரண்டு பாதியும் சேரும்வரை விரல்களுக்கிடையில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முன்னாலேயே விட்டால் முதுகு பிளந்துகொள்ளும்.

மேலே உட்காரும் வீரர்களைத் தனியாகத் தீட்டுவான். அவர்களைப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். அதற்கு அவன் அப்பா கோவிந்தனின் இருமல் மருந்துப் புட்டி மூடிகள் தோதாக இருந்தன. அந்த வீட்டில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. மூடிக்கு ஒருவனாக நிற்கும் வீரர்களின் மார்புக் கவசத்துக்கு வெள்ளி நிறம், தலைக்கவசத்திலிருந்து தொங்கும் மயிருக்குக் கறுப்பு. குதிரைகளுக்குப் பழுப்பு. கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் போய்த் தங்கி, விலாவும் தசையும் தானாக எழுந்து வரும். ஊதுகொம்புக்காரன் குதிரை மட்டும் வெள்ளை. போர்க்களப் புகையில் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே.

இதெல்லாம் கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில், சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. நாற்பத்தைந்து வயது ஆள் பொம்மைக் குதிரை வாலுக்குச் சாயம் அடிக்கிறான் என்று லைனில் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் மனைவி சுனிதா அக்கம்பக்கத்தில் ‘ஆபீஸ் வேலை, வூட்டுக்குக் கொண்டாந்து செய்றாரு’ என்று சொல்லிவைத்திருந்தாள். பெங்களூருக்குப் போகும் ரயிலில் அவன் குதிரைப் பெட்டியைத் தொட்டுப்பார்த்த சீசன் டிக்கெட்காரர்களிடம் அவனே ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்றிருந்தான்.

அவன் பி.காம். முடித்த காலத்தில்தான் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தில் இறங்கிய அப்பாவின் பெயரைச் சொல்லி அங்கேயே டைம் ஆபீஸில் உட்காரலாம் என்ற கணக்கு அதோடு போயிற்று. ஊரிலுள்ள எல்லோரையும்போல ரயிலேறினான். பெங்களூரில் மின்பலகை செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ். இருட்டில் போய் இருட்டில் வருவான். ஒயர் சுருளை எண்ணி வாங்குவது, எண்ணிக் கொடுப்பது. இருபது வருஷத்தில் அவன் கையால் செய்தது என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது.

அந்தக் கம்பெனியில் ரவிகுமார் மேனேஜராக இருந்தார். அவர் மேஜைமேல் ஒரு குதிரைவீரன் நிற்பான். ஒருநாள் கோப்பு இடித்து அதன் வாள் பிடித்த கை ஒடிந்துவிட்டது. பரணி அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், குண்டூசி முனையை உள்ளே செருகி ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் வண்ணம் தீட்டிக் கொண்டுவந்து வைத்தான். ரவிகுமார் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். பிறகு, இன்னும் தீட்டாத குதிரைவீரர்கள் இருந்த ஒரு முழுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

கம்மனஹள்ளியில் அவர் வீட்டு ஹாலில், மாதம் ஒரு ஞாயிறு, ஆறேழு பேர் கூடிப் பழைய யுத்தங்களை ஆடுவார்கள். பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, அளவுகோல், பகடை. பரணி முதலில் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தான். அவன் தீட்டிய குதிரைகள் மேஜையில் கூடக் கூட, அவனுக்கும் ஒரு நாற்காலி வந்தது. அங்கே எல்லோருக்கும் ராணுவப் பட்டம் உண்டு. அவனை ‘கர்னல்’ என்றார்கள். ரவிகுமார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாற்காலி அவனுக்கு இருந்தது. அதில் உட்காரும்போது அவன் முதுகு நிமிர்ந்திருக்கும். அதைத் தவிர அவனுக்கென்று வேறொன்றும் இல்லை.

ஜனவரியில் பெரிய ஆட்டம் வைத்தார்கள். கவசக் குதிரைப்படை முழுதும் பரணியுடையது. தீட்டியவனே நடத்தவும் வேண்டும் என்றார் ரவிகுமார். பரணி சட்டங்களை வெட்டத் தொடங்கி ஐப்பசியும் கார்த்திகையும் போயின.

குதிரை தயாரானதும் அடிப்பலகையில் பெவிகால் தடவி மண் ஒட்ட வேண்டும். ஆற்றுமணல் இதற்கு ஆகாது. ஆள்காட்டி விரல் உயரம்கூட இல்லாத குதிரையின் காலடியில் ஆற்றுமணல் பாறாங்கல்லாகத் தெரியும். மாவுபோல இருக்க வேண்டும், மாவாகவும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட மண் ஊருக்கு நடுவில் மலை மலையாகக் கிடந்தது. பாறையை அரைத்து, சைனைடு விட்டுத் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையை நூறு வருஷமாகக் கொட்டிக் கொட்டி உண்டான மேடுகள். சைனைடு மேடு என்றுதான் பெயர். பரணி சின்னப் பையனாக இருந்தபோது உடைந்த வாளி மூடியில் உட்கார்ந்து அதில் சறுக்கியிருக்கிறான். ஆடிக்காற்றில் அந்தத் தூசு சோற்றில் வந்து விழும். கடித்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

ஒரு பால்பவுடர் டப்பா நிறைய எடுத்துவந்து, டீ வடிகட்டியில் சலித்துக்கொண்டிருந்தான். கோவிந்தன் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“இன்னாடா அது?”

“மண்ணு நைனா. குதிரைக்கு அடியில ஒட்டறதுக்கு.”

“எந்த மண்ணு?”

“மேட்டு மண்ணுதான்.”

கோவிந்தன் கொஞ்ச நேரம் இருமினார். “அத்த இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள கொண்டாந்த?”

“காத்தடிச்சா அதுவா உள்ள வருது. நான் ஒரு டப்பா கொண்டாந்ததுதான் தப்பா?”

“அதுவா வர்றது வேற. கையால அள்ளிட்டு வர்றது வேற.”

பரணி சிரித்தான். அப்பா எங்கே வருகிறார் என்று அவனுக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜில் சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் கேட்டில் காவல்காரர்கள் சோதனை போடுவார்கள். பைகளை வெளியே உருவிக்காட்ட வேண்டும். எத்தனையோ பேர் தங்கத்தோடு மாட்டியிருக்கிறார்கள். கோவிந்தன் ஒருமுறைகூட இல்லை. காவல்காரன் கேட்கும் முன்பே அவரே பையை உருவி உதறிக்காட்டுவார். அந்தப் பழக்கம் அவர் உடம்பில் தங்கிவிட்டது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும், கடைக்குப் போய்வந்தாலும் சரி, டாக்டரிடம் போய்வந்தாலும் சரி, வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையையும் கால்சட்டைப் பைகளையும் உருவி உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

“அதுல தங்கம் ஒண்ணும் இல்ல நைனா. எல்லாத்தையும் எடுத்துட்டுக் கொட்டினது.”

“அதான் சொல்றேன். தங்கத்தையே தொடாம வந்தவன் வூட்டுல இந்தக் கழிசல் இன்னாத்துக்கு? கொண்டுபோயி கொட்டிட்டு வா.”

“சரி சரி.”

பரணி டப்பாவை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தான். அப்பா டீக்கடைக்குப் போனதும் மறுபடி எடுத்தான். ஒட்டிப் பார்த்தபோது மண்ணின் நிறமே அவ்வளவு அழகாக இருந்தது. அதன்மேல் வண்ணம் தீட்டவோ வார்னிஷ் பூசவோ அவனுக்கு மனம் வரவில்லை.

ஆட்டத்தன்று குதிரைகளை வரிசையாக நிறுத்தியதும் எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். பிறகு ரவிகுமார் குனிந்து, கன்னத்தை மேஜையோடு வைத்துப் பார்த்தார். “கர்னல், தரையே அதிருதுய்யா” என்றார். பரணி அளவுகோலை வைத்து, நேராகவே இருந்த வரிசையை மறுபடி நேராக்கினான்.

இரண்டு மணிநேரம் ஆடினார்கள். அவனுடைய படை மேஜையின் பாதிவரை போயிற்று. அம்பயராக இருந்த ரவிகுமார் ஒரு கையால் குதிரைகளை நகர்த்துவார், மறு கையால் மிக்சரை அள்ளி வாயில் போடுவார். அவர் மனைவி எலைன் டீ கொண்டுவந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கோப்பையை வைக்கும்போது பச்சைத் துணியில் விரல் பட்டது. விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க இது, துணியெல்லாம் பவுடரா இருக்கு?”

“அது மண்ணு மேடம்” என்றான் பரணி. “எங்க ஊரு மண்ணு. சைனைடு மேட்டு மண்ணு.”

சேலத்துக்காரன் மாம்பழத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். ரவிகுமாரின் வாயில் மிக்சர் பாதி மென்றபடி நின்றுவிட்டது.

“கர்னல்” என்றார் ஒருவர். “எதிரியைக் கொல்லணும்தான். அம்பயரையும் சேர்த்தா?”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எழுந்து கைகழுவப் போனார்கள். வாஷ்பேசின் முன்னால் வரிசை நின்றது. பரணியும் சிரித்தான். கைகழுவப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

எலைன் சிரிக்கவில்லை. செய்தித்தாளை விரித்துக் குதிரைகளை அதன்மேல் எடுத்துவைத்தார். ஒவ்வொன்றையும் தலையைப் பிடித்து, அடிப்பலகை படாமல் எடுத்தார்.

“அதுல என்னென்ன இருக்கும் தெரியுமா பரணி? நீங்க படிச்சவர்தானே. வெறுங்கையில அள்ளி, வீட்ல வெச்சு, சலிச்சு... யாரு இதைச் செய்யச் சொன்னது?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஊரைச் சொல்லிவிட்டோம் என்று முதல்முறையாக உறைத்தது. மண்ணைத் தின்று வளர்ந்தவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி கொஞ்சம் பின்னால் இருந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“எங்க அப்பாதான் மேடம் கொண்டாந்து குடுத்தாரு” என்றான். “மைன்ஸ்ல இருந்தவரு. வயசாயிடுச்சு. அவருக்கு இன்னா தெரியும்.”

வீட்டில் நைனா. இங்கே அப்பா.

முகங்கள் இளகின. “பாவம்” என்றார் எலைன். “பாவம், அந்தக் காலத்து மனுஷங்க” என்றார் இன்னொருவர். ரவிகுமார் அவன் தோளில் தட்டி, அடிமண்ணை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தால் போதும், படை உங்களுடையதுதான் என்றார். அவனுக்கு இன்னொரு டீ வந்தது. அதை அவன் குடித்தான். அதுதான் பிறகு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. சொன்னதுகூட இல்லை, சொல்லிவிட்டு உட்கார்ந்து டீ குடித்தது.

பெங்களூரில் சொன்ன பொய் பெங்களூரிலேயே கிடக்கும் என்று நினைத்தான். அந்த வாரம் ரவிகுமார் போன் செய்தார். எலைனுக்கு மனசு கேட்கவில்லையாம். பெரியவரிடம் நேரில் பேசவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறார்கள். “அப்படியே அந்த மேட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கறோம் கர்னல்.”

சனிக்கிழமை பரணி அப்பாவிடம் சொன்னான். “நைனா, சௌந்தரம் அத்தை உன்னப் பாக்கணும்னு சொல்லுச்சு. நாளைக்கு பங்காருபேட்டைக்கு ஒருவாட்டி போய்ட்டு வந்துடு.”

“போன்ல கூப்புட்டாளா?”

“ஆமா.”

“எனக்குப் பண்ணாம உனக்கு ஏன் பண்ணா?” என்றார். ஆனாலும் தங்கையைப் பார்க்கும் சந்தோஷத்தில் வெள்ளைச் சட்டையை எடுத்துச் சுனிதாவிடம் இஸ்திரிக்குக் கொடுத்தார்.

சுனிதா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். “மாமாவ ஏன் தொரத்தற?”

“யாரு தொரத்தறது?”

“பெங்களூர்ல இருந்து கார் வருதுன்னா, அவரு இருந்தா இன்னா? இருமறாருன்னா? அந்த இருமல்லதான் நீ காலேஜ் படிச்ச.”

இருமலுக்கு வெட்கப்படுகிறான் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டான். அது, உள்ளதைவிடக் குறைந்த கேவலமாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை கோவிந்தன் சலவைச் சட்டையோடு ரயிலேறினார். பதினோரு மணிக்குக் கார் வந்தது. மேட்டைக் காட்டினான். ரவிகுமார் தூரத்தில் நின்று போட்டோ எடுத்தார். எலைன் முகத்தில் துணி கட்டியிருந்தார். லைனுக்குத் திரும்பியதும் அப்பா அவசரமாகப் பங்காருபேட்டை போய்விட்டார் என்றான். எலைனுக்கு ஏமாற்றம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் மேடம் என்றான். சுனிதா வடை போட்டிருந்தாள். இன்னும் அரைமணிநேரத்தில் கார் போய்விடும். அவன் மூச்சு சீராகிக்கொண்டிருந்தது.

அப்போது வெளியே இருமல் கேட்டது.

கோவிந்தன் வாசலில் நின்று சட்டைப்பையை உருவி உதறினார். பிறகு கால்சட்டைப் பைகளை. ரயில் டிக்கெட்டும் வெற்றிலைப் பொட்டலமும் அவர் கையில் இருந்தன. ரவிகுமார் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ வூட்டுல இல்லடா” என்றபடியே உள்ளே வந்தார் கோவிந்தன். “கோலார்ல யாரோ செத்துட்டாங்கன்னு நேத்தே போய்ட்டாளாம். பூட்டித் தொங்குது. உன்னக் கூப்புட்டுட்டு அவ எங்க போ...” ஆட்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “வாங்க, வாங்க. உக்காருங்க.”

எலைன் எழுந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தான் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவர் குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது.

“உங்களைப் பாக்கத்தான் ஐயா வந்தோம். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மேட்டு மண்ணை இனிமே எடுக்காதீங்க. உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல. பரணி சொன்னாரு, நீங்கதான் குதிரைக்குக் கொண்டாந்து குடுத்தீங்கன்னு. தெரியாமதான் செஞ்சிருப்பீங்க. அது கையில படவே கூடாது ஐயா.”

அடுக்களை வாசலில் சுனிதா தட்டோடு நின்றாள். பரணி தரையைப் பார்த்தான். சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல், கட்டில் காலிலிருந்து வாசல்வரை.

கோவிந்தன் மகன் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆமாம்மா” என்றார். “நான்தான் கொண்டாந்தேன்.”

ஒரு இருமல் வந்தது. முடியட்டும் என்று காத்திருந்தார்.

“அவன் கேக்கல. புள்ள மண்ணுக்குக் கஷ்டப்படறானேன்னு நானாத்தான் போனேன். இந்தப் பையில போட்டுட்டு வந்தேன்.” வெள்ளைச் சட்டையின் பையைத் தொட்டுக்காட்டினார். “தப்புதான்.”

“தப்புன்னு இல்ல ஐயா...”

“இல்லம்மா. எடுத்தா தப்புதான்.” பிறகு ரவிகுமாரைப் பார்த்து, “குதிரைங்க நல்லா கீதுங்களா?” என்று கேட்டார்.

“ஏ ஒன்னுங்க ஐயா. உங்க பையனை மாதிரி ஆள் கிடையாது.”

“அது கீதுல்ல, போதும்” என்றார் கோவிந்தன்.

கார் போன பிறகு சுனிதா வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. பரணி நின்ற இடத்திலேயே நின்றான். ‘நைனா’ என்று ஆரம்பித்தால் போதும், மற்றது வந்துவிடும் என்று தோன்றியது. ஆரம்பிக்க முடியவில்லை.

“டப்பா எங்க?” என்றார் கோவிந்தன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் மூடியைத் திறந்து பார்த்து, அழுத்தி மூடினார்.

“குடு நைனா. நான் போயி கொட்டிட்டு வரேன்.”

“வேணாம். எடுத்தது நானு. நானே கொண்டுபோயி போடறேன்.”

கோபமாகவோ குத்தலாகவோ சொல்லியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். கடைக்குப் போய் உப்பு வாங்கிவருகிறேன் என்பதுபோலச் சொன்னார்.

லைனில் நாலாவது வீட்டு ஏசுபாதம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோவிந்தனோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கியவர். கேட்டில் காவல்காரன் கேட்கும் முன்பே கோவிந்தன் பையை உருவுவதைப் பார்த்து, ‘அரிச்சந்திரன் வரான், வழிவிடுங்க’ என்று வருஷக்கணக்கில் கிண்டல் செய்தவர்.

“இன்னா அரிச்சந்திரா, டப்பால இன்னா? நெய்யா?”

“மேட்டு மண்ணு.”

“மேட்டு மண்ணா? உங்கையிலயா?”

“எடுத்துட்டேன்யா” என்றார் கோவிந்தன். “கொண்டுபோயி போட்டுட்டு வரேன்.”

ஏசுபாதம் என்னவோ சொல்லிச் சிரித்தார். கோவிந்தனும் சிரித்த சத்தம் கேட்டது. அது இருமலாக மாறித் தெருமுனைவரை போயிற்று. பரணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே போய் ‘அவரு இல்ல, நானு’ என்று சொல்ல நாலு வீடுதான் இடைவெளி. அவன் போகவில்லை. கொட்டகைக்குப் போய், குதிரைகளை வாளித் தண்ணீரில் நனைத்து, அடிமண்ணைச் சுரண்டினான். கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குக் கடையில் விற்கும் மண்ணை ஒட்டி, வார்னிஷ் பூசிக் கொண்டுபோனான். ரவிகுமார் ஒரு குதிரையைத் தூக்கி முகர்ந்துபார்த்தார்.

“கர்னல், அப்பா இந்தத் தடவை ஒண்ணும் கலக்கலையே?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். பரணியும் சிரித்தான். அவனுடைய படை அன்று ஜெயித்தது.

கோவிந்தன் இப்போதெல்லாம் வாசலில் நிற்பதில்லை. வெளியே போய்வந்தால் நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். சுனிதாதான் ஒருநாள் கேட்டாள்.

“இன்னா மாமா, பைய உதறலயா?”

“மைன்ஸ் கேட்டத்தான் எப்பவோ மூடிட்டாங்களேம்மா” என்றார்.

கொட்டகைக்குள் பரணிக்கு அது கேட்டது. ஒரு குதிரையின் இரண்டு பாதிகளையும் விரல்களுக்கிடையில் அழுத்திப் பிடித்திருந்தான். பசை காயும்வரை எழுந்திருக்க முடியாது. காய்ந்த பிறகும் அவன் விடவில்லை.